கைத்தொலைபேசியிற் சதுரங்கம்

சதுரங்கம் என்னுஞ் சொல் முதலில் ஓர் ஆட்டத்தைக் குறித்ததன்று. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நான்கு உறுப்புடைய படையையே அது குறித்தது. படைக்குப் பெயராயிருந்தது பின்னர்ப் பலகைக்குப் பெயராயிற்று. இந்திய நாட்டிற் பிறந்த அவ்வாட்டம் பாரசீகஞ் சென்று, அராபியர் கைப்பட்டு, ஐரோப்பாவை அடைந்தது. அங்கே போனதும் தேர் கோட்டையாயிற்று, யானை சமயகுருவாயிற்று, மந்திரியார் பெண்ணுருக்கொண்டு அரசியானார். திருவாரூர் மாவட்டத்திலே, மன்னார்குடிக்கு அணித்தாய்ப் பூவனூர் என்றொரு தலம் உண்டு. பெயரளவில் நம்முடைய மன்னாருக்கு உறவு கொண்டாடும் ஊர்ப்பக்கந்தான். அங்கே எழுந்தருளியிருக்கும் இறைவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். அரசன் மகளொருத்தியை எவராலும் சதுரங்கத்தில் வெல்ல முடியவில்லை. இறைவனே முதியவர் வேடத்தில் வந்து ஆடி வென்றார் என்பது தலவரலாறு. அப்பர் பெருமான் பாடிய தலம் அது.

பழைமை பேசுவது பண்டிதர்களுக்கு வழக்கம், வாசகர் பொறுத்தருள்க. யான் இன்று பேச வந்தது பழைமை அன்று. இதே ஆட்டத்தை இன்று நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் ஆடுகின்றார்கள். பேசாலையில் ஆடுகின்றார்கள்; தலைமன்னாரில் ஆடுகின்றார்கள்; கட்டுக்கரைக்குளத்து வயற்கரையிலிருந்தும் ஆடுகின்றார்கள். எதிரே இருப்பவன் பிரேசில் நாட்டவனாகவும் இருப்பான். போலந்து நாட்டவளாகவும் இருப்பாள். முகம் தெரியாது, குரல் கேளாது. மூன்று நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். மறு ஆட்டம் தொடங்கிவிடும்.

ஆசிரியர் அறைகளில் இதனைப் பற்றி இரு கட்சி உண்டு. தொலைபேசியிலே எதைச் செய்தாலும் கேடுதான், சதுரங்கமும் சூதும் ஒன்றுதான் என்பது ஒரு கட்சி. உலகமே கைக்குள் வந்துவிட்டது, இனிப் பயிற்றுநர் வேண்டாம், பலகை வேண்டாம், பிள்ளை தானே கற்றுக்கொள்ளும் என்பது மறு கட்சி. முதற் கட்சியார் பிள்ளையினுடைய பலத்தைக் காணவில்லை. மறு கட்சியார் அதன் பலவீனத்தைக் காணவில்லை. இரண்டையும் ஒருங்கே காண்பது ஆசிரியன் கடமை. யான் சதுரங்க விற்பன்னன் அல்லேன், இலக்கணம் படிப்பிக்கிறவன். ஆயினும் ஒரு பிள்ளை எதைக் கற்கிறது, எதைக் கல்லாமல் விடுகிறது என்று பார்ப்பது என் தொழில். அத்தொழிலின் துணை கொண்டே இதனை எழுதுகின்றேன்.

முதலில் பலத்தைச் சொல்வோம்.

மன்னார் ஒரு தீவு. கொழும்பிலே நடைபெறும் ஒரு சுற்றுப்போட்டிக்குப் போவதானால் ஏறக்குறைய 300 கிலோமீற்றர் போகவேண்டும். இரவுப் பேருந்து, தங்குமிடம், சாப்பாடு, துணைக்கு ஒருவர் என்று கணக்குப் பார்த்தால் ஒரு மீன்பிடிக் குடும்பத்தின் கிழமை வருமானம் கரைந்துவிடும். பெண்பிள்ளையாயின் அனுப்புவாரே அரிது. ஆகையால் முன்னெல்லாம் நம் பிள்ளைக்கு வாய்த்த எதிராளி பக்கத்து வாங்கிலில் இருப்பவனே. அவனை ஐந்து முறை வென்றபின் கற்பதற்கு ஒன்றும் இராது. இன்று அந்தக் குறை நீங்கியிருக்கிறது. இது சிறிய காரியமன்று. விளம்பரமுமின்றிக் கட்டணமுமின்றி நடக்கின்ற ஓர் இணையத்தளத்தைப் பிரெஞ்சு இளைஞர் ஒருவர் 2010 இல் தொடங்கினார். பணக்காரன் பிள்ளைக்குக் கிடைப்பது எதுவோ, அது அங்கே ஏழை பிள்ளைக்கும் கிடைக்கின்றது. நம் கல்வித் துறையில் இப்படிச் சொல்லத்தக்கவை எத்தனை உள?

இரண்டாவது பலம் கண்.

சதுரங்க வல்லுநர் பிறரிலும் எவ்வாற்றான் வேறுபடுகின்றார் என்று ஒல்லாந்து நாட்டு உளநூலறிஞர் தெ குரூட் என்பவர் 1940 களில் ஆராய்ந்தார். வல்லுநர் ஏனையோரினும் மிக நெடுந்தூரம் முன்னோக்கி எண்ணுகின்றார் என்றே எல்லாரும் நினைத்திருந்தனர். ஆராய்ச்சி அப்படிக் காட்டவில்லை. வல்லுநர் பலகையைக் கண்ட மாத்திரத்தே எது முக்கியம் என்று அவருக்குத் தெரிந்துவிடுகின்றது. சில செக்கன் காட்டி மறைத்த பலகையை அவர் அப்படியே திரும்ப அடுக்கிவிடுகின்றார். 1973 இல் அமெரிக்க அறிஞர் இருவர் மேலும் ஒன்று கண்டனர். உண்மையான ஆட்டத்தில் எடுத்த நிலையாயின் வல்லுநர் நினைவில் வைக்கின்றார். காய்களை மனம்போனபடி கலைத்து வைத்தால் அவரும் நம்மைப் போலவே தடுமாறுகின்றார். ஆகவே நினைவாற்றல் என்பது பொதுவான வரம் அன்று. பல்லாயிரம் நிலைகளைக் கண்டு கண்டு பழகிய கண்ணின் பயன் அது. வெண்பா நூறு படித்தவனுக்குத் தளை தட்டும் இடம் காதிலேயே படுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பல்லாயிரத்தையும் விரைவிற் காட்டுவது கைத்தொலைபேசி. இதற்கு முன்மாதிரி தொலைபேசி தோன்றுமுன்பே சென்னையில் இருந்தது. சோவியத் பண்பாட்டு நிலையத்தில் தால் சதுரங்கக் கழகம் என்று ஒன்று நடந்தது. அங்கே விரைவாட்டம் ஆடுவார்கள். வென்றவர் ஆசனத்தில் இருப்பார். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். சிறுவன் விசுவநாதன் ஆனந்த் அந்த ஆசனத்தைக் காப்பதற்காகவே விரைந்து காணப் பழகினார். 1988 இல் இந்தியாவின் முதற் பெருவல்லுநரானார். பின்னர் உலக வாகையும் சூடினார். ஆக, விரைவாட்டம் அறிவைக் கெடுக்கும் என்று முழங்குவோர் ஆனந்தின் வரலாற்றைப் படித்துவிட்டு முழங்குவது நலம்.

மூன்றாவது, அச்சமின்மை. 2022 பெப்ரவரியில் நடந்த இணையவழிச் சுற்றுப்போட்டியொன்றில் சென்னைச் சிறுவன் பிரக்ஞானந்தா, அப்பொழுது வயது பதினாறு, உலக வாகையராயிருந்த நோர்வே நாட்டு மக்னஸ் கார்ல்சனைக் கறுப்புக் காய்கொண்டு 39 நகர்வில் வென்றார். அந்தப் போட்டியில் அவர் அடுத்த கட்டத்துக்குத் தேறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அதே ஆண்டு மே மாதத்தில் மற்றோர் இணையவழிப் போட்டியில் மீண்டும் கார்ல்சனை வென்று, இறுதிச் சுற்றுவரை சென்றார். அரையிறுதி முடிந்தபோது நேரம் அதிகாலை இரண்டு மணி. காலை எட்டே முக்காலுக்குப் பாடசாலையில் பதினோராம் வகுப்புத் தேர்வு. பிள்ளை தேர்வுக்குப் போயிற்று. இறுதிச் சுற்றில் சீனநாட்டு டிங் லிரெனிடம் தோற்றது. இச்செய்தியை என் மாணவருக்கு யான் அடிக்கடி சொல்வதுண்டு. வென்றதற்காக அன்று, தேர்வுக்குப் போனதற்காக.

இனிப் பலவீனம்.

எனக்கு ஒரு மாணவி உண்டு. பெயர் சொல்லேன். தந்தை கடலுக்குப் போகின்றவர். தந்தையின் தொலைபேசியிலேதான் ஆட்டம். அவர் மாலையில் வலை திருத்தும்போது கிடைக்கும் அரைமணி நேரமே அவளுக்கு உரியது. அந்த அரைமணியில் மூன்று நிமிட ஆட்டங்களாக நாலைந்து ஆடிவிடுவாள். தளத்திலே அவளுக்கு நல்ல தரப்புள்ளி. வலய மட்டப் போட்டியில் வென்றாள். மாகாண மட்டத்தில் ஐந்து சுற்றில் நான்கு தோற்றாள். திரும்பி வந்து, “ஐயா, நெட்டிலை நான் ஆயிரத்து எண்ணூறிலை நிக்கிறன். இஞ்சை ஏன் தோக்கிறன்? எனக்கு மண்டை இல்லைப்போலை. இனி விளையாடேல்லை” என்றாள். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கேள்வியே.

அவள் ஆட்டத்தாள்களை வாங்கிப் பார்த்தேன். இரண்டாம் ஆட்டத்துக்குமேல் தாளில் பாதி எழுதப்படவில்லை. நகர்வை எழுதவேண்டும் என்பதே கைத்தொலைபேசி ஆட்டக்காரருக்குப் பழக்கமில்லை. பொறி தானே எழுதிக்கொள்கிறது. முதலாட்டத்தில் தொட்ட காயை விட்டு வேறு காயை எடுக்கப் போய், தொட்டதையே நகர்த்தவேண்டி வந்திருக்கின்றது. திரையிலோ, காயைத் தொட்டால் அது எங்கெங்கே செல்லலாம் என்று புள்ளியிட்டுக் காட்டிவிடும். தொட்டதனால் கடமையொன்றும் இல்லை. இன்னும் ஒன்று. திரையிற் பலகை தட்டை. மேசையிற் பலகை உயர்ந்தும் தாழ்ந்தும் நிற்கும் காய்க் கூட்டம். ஓரத்திலிருந்து மூலைவிட்டமாய்ப் பாயும் மந்திரி, அரசியின் பின்னே மறைந்து நிற்கும். தட்டையிற் பழகிய கண் அதனைத் தவறவிடும். இவையெல்லாம் சிறு குறைகள். பத்து நாள் மரப்பலகையில் ஆடினால் தீரும்.

பெருங்குறை வேறு. மூன்றாம் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் 60 நிமிடம். அவள் தோற்றபோது அவளது மணிக்கூட்டில் 47 நிமிடம் மிஞ்சியிருந்தது!

மிஞ்சிய அந்த 47 நிமிடமே கைத்தொலைபேசி ஆட்டக்காரரின் நோய். அவருக்கு விரைவு ஒரு திறமையாயிருந்தது. பின்னர் அதுவே குணமாகிவிட்டது. விடை தெரிந்தவன் விரைந்து எழுதுவது வேறு. விரைந்து எழுதியே பழகியவன் விடை தெரியாத இடத்திலும் விரைவது வேறு. பரீட்சை மண்டபத்தில் முதலாவதாக எழுந்து வெளியே போகிறவனை ஆசிரியர் எல்லாரும் அறிவோம்.

இரண்டாவது பெருங்குறை, எதிராளியை எண்ணாமை. மூன்று நிமிட ஆட்டத்தில் தன் எண்ணத்தை நிறைவேற்றவே நேரம் போதாது. மற்றவன் ஏன் அந்தக் காயை அங்கே வைத்தான் என்று கேட்பதற்கு இடமேது? முகம் தெரியாதவனாகவும் இருக்கின்றான். நாளடைவிலே எதிரே ஒரு மனம் இருக்கின்றது என்பதே மறந்துபோகும்.

தரப்புள்ளி பற்றியும் ஒரு வார்த்தை. ஆர்ப்பாட் ஈலோ என்பார் வகுத்த கணக்கை உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970 இல் ஏற்றுக்கொண்டது. இணையத் தளங்களோ தத்தம் கணக்கைத் தாமே வைத்திருக்கின்றன. ஒரு தளத்தில் புதிதாய்ச் சேர்பவனுக்கே 1500 என்று எழுதித் தொடங்குகின்றார்கள். இந்த எண்ணையும் அந்த எண்ணையும் ஒப்பிடுதல், மரக்காற் கணக்கையும் முழக் கணக்கையும் ஒப்பிடுதல் போலாம். ஆதலின், ‘ஆயிரத்து எண்ணூறு’ என்பதைக் கொண்டு பிள்ளையைத் தூக்கி வைப்பதும் தவறு. மாகாணத்தில் தோற்றாள் என்பதைக் கொண்டு மண்டை இல்லையென்பதும் தவறு. மண்டை இருக்கின்றது. அது ஓரிடத்தில் இருந்து பழகவில்லை.

ஓரிடத்தில் இருத்தல் என்றால் என்ன என்பதை 2024 டிசெம்பர் 12 ஆம் நாள் சிங்கப்பூரிற் கண்டோம். உலக வாகைப் போட்டியின் பதினான்காம் ஆட்டம். டிங் லிரெனும் சென்னைக் குகேஷும் ஆறரைக்கு ஆறரையென்று சமனில் நின்றார்கள். முதல் நாற்பது நகர்வுக்கு ஒருவருக்கு இரண்டு மணி நேரம். அந்த ஆட்டத்தில் குகேஷிடம் ஒரு காலாள் மிகுதி. ஆனால் காலாள் எல்லாம் ஒரே பக்கத்தில். பார்த்திருந்த வல்லுநர் யாவரும் சமன் என்றே சொன்னார்கள். மூன்று நிமிட ஆட்டக்காரனாயின் சமன் கேட்டுவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போயிருப்பான். குகேஷ் போகவில்லை. எதிராளிக்குச் சிறு சிறு வினாக்களை வைத்துக்கொண்டே இருந்தார். 55 ஆம் நகர்வில் டிங் தம் கோட்டையை ஒரு கட்டத்தில் வைத்தார். அதனாற் கோட்டைகள் வெட்டுண்டு, பின் மந்திரிகளும் வெட்டுண்டு, அரசர்களும் காலாள்களும் மாத்திரமே மிஞ்சும் நிலை வந்தது. அந்த நிலையிலே ஒரு காலாள் மிகுதி என்பது வெற்றி. 58 ஆம் நகர்வோடு டிங் தோல்வியை ஏற்றார். பதினெட்டு வயதிற் குகேஷ் உலக வாகையரானார்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. வாகையைத் தீர்த்தது அரிய தொடக்க ஆட்டமும் அன்று. கண்ணைப் பறிக்கும் பலியிடலும் அன்று. அரசனும் காலாளும் ஆடும் கடை ஆட்டம். அதன் அடிப்படையைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு மாலையில் சொல்லிக் கொடுக்கலாம். இரண்டு அரசர் ஒரு கட்டம் இடைவிட்டு எதிரெதிரே நின்றால், நகரவேண்டிய முறை யாருக்கோ அவர் வழிவிட வேண்டியவராவார். இதுவே அதன் அரிச்சுவடி. என் மாணவி தோற்ற நான்கில் ஒன்று, இந்த அரிச்சுவடி தெரியாமையால் தோற்றது. மூன்று நிமிட ஆட்டங்களிற் பெரும்பாலானவை கடை ஆட்டத்துக்கு வருமுன்னரே முடிந்துவிடும். வந்தாலும் அப்போது நேரம் பத்துச் செக்கன். அங்கே கற்பதற்கு என்ன இருக்கின்றது?

குகேஷின் பயிற்றுநர் விஷ்ணு பிரசன்னா நெடுங்காலம் அவரைக் கணினிப் பொறியின் துணையை நாடவிடாமற் பயிற்றினார் என்பது பலரும் அறிந்தது. பெருவல்லுநர் தரத்தை எட்டும்வரை பிள்ளை தன் தலையாலேயே எண்ணியது. இந்த நாளில் இது பெருந்துணிவு. பொறி பக்கத்தில் இருக்கும்போது, எந்த நகர்வு சரியென்று உடனே சொல்லிவிடும். புள்ளித்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடந்தகால வினாத்தாள் செய்யும் மாணவனுக்கு என்ன வருமோ, அதுவே பொறியைப் பார்த்து ஆட்டம் படிப்பவனுக்கும் வரும். விடை வரும், வினா வராது.

இந்த முறைக்கும் விலை உண்டு. விரைவாட்டங்களில் குகேஷ் பிறரைப்போல் ஒளிரவில்லை. ஆனால் 2025 யூலையில் குரோவேசியாவின் சாகிரெப் நகரில் நடந்த போட்டியில் விரைவாட்டப் பகுதியில் முதலிடம் பெற்றார். அங்கே கார்ல்சனையும் வென்றார். அதற்கும் குறுகிய நேர மின்னலாட்டப் பகுதியிற் சறுக்கி, மொத்தத்தில் மூன்றாமிடத்துக்கு வந்தார். நிதானத்தில் தொடங்கியவர் பின்னர் விரைவைக் கற்கின்றார். தால் கழகத்து ஆனந்த் விரைவில் தொடங்கிப் பின்னர் நிதானத்தைக் கற்றார். இரு வழியும் வழியே. நம் பிள்ளைகளுக்கு வாய்த்தது விரைவு வழி. அவர்களுக்கு மற்றப் பாதியைக் கொடுப்பவர் இல்லை என்பதே என் முறையீடு.

மற்றப் பாதி எது? தன் ஆட்டத்தைத் தான் திரும்பப் பார்த்தல்.

நம்முடைய சிலாவத்துறை, அரிப்புக் கரைகளில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி அள்ளுவது வேலையின் ஒரு பாதியே. கரையேற்றிய சிப்பியை ஆயிரக்கணக்காய் ஏலம் போடுவார்கள். ஏலம் எடுத்தவன் அதனை அழுகவிட்டு, கழுவி, மணலையும் ஓட்டையும் அரித்து அரித்துத் தேடவேண்டும். நாற்றம் சொல்லி முடியாது. பல சிப்பியில் ஒன்றுமே இராது. ஆயினும் அந்த நாற்றத்தைப் பொறுத்தவனுக்கே முத்து. என் மாணவி ஓராண்டில் ஆயிரத்துக்கு மேல் ஆட்டம் ஆடியிருக்கின்றாள். ஒன்றையாவது திறந்து பார்க்கவில்லை. தோற்றால் உடனே அடுத்தது. வென்றால் உடனே அடுத்தது. ஆயிரஞ் சிப்பியும் கரையிற் குவிந்து கிடக்கின்றன.

உலக வாகையராயிருந்த சோவியத் நாட்டுப் பொத்வின்னிக், தம் ஆட்டங்களுக்குத் தாமே குறிப்புரை எழுதுக, எழுதியதைப் பிறர் குற்றங் காணும்படி வெளியிடுக என்று இளைஞருக்குச் சொல்லிவந்தார். இதனை வாசித்தபோது எனக்கு நம் உரையாசிரியர்களே நினைவுக்கு வந்தார்கள். சேனாவரையர் ஒரு சூத்திரத்தை எடுத்துக்கொண்டால், இளம்பூரணர் சொன்னதை எதிரே நிறுத்தி, ‘அங்ஙனமாயின் இது என்னை?’ என்று தடை எழுப்பி, விடை சொல்லி, மீண்டும் தடை எழுப்புவார். எதிராளியின் வாயில் வலிய வாதத்தை வைத்துவிட்டே அவர் தம் முடிபைக் கூறுவார். சதுரங்கத்துக்கு வேண்டிய மனப்பயிற்சி இதுவே. இந்த நகர்வை யான் ஏன் செய்தேன்? மற்றவன் இதற்கு என்ன தடை சொல்லக்கூடும்? அந்தத் தடைக்கு என்னிடம் விடை உண்டா? தோற்ற ஆட்டம் ஒன்றை இப்படி ஒரு மணி நேரம் பார்ப்பது, நாற்பது புதிய ஆட்டத்தினும் மேலானது என்பது என் துணிபு. பொறியைக் கேட்கவேண்டாமா என்றால், கேட்கலாம். தன் உரையை எழுதி முடித்தபின் கேட்கலாம். உரை எழுதியவனுக்குப் பொறி ஆசிரியன். எழுதாதவனுக்கு அது வெறும் ஊமைக்கை. சுட்டிக் காட்டும், காரணம் சொல்லாது.

இதனைத் தமிழாசிரியரும் செய்யலாம் என்பதே என் வாதம். சதுரங்கம் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. “ஏன் இப்படி வைத்தாய் பிள்ளை?” என்று கேட்கத் தெரிந்தாற் போதும். யான் கேட்டேன். எழுபது விழுக்காடு நகர்வுகளுக்கு அவளிடம் காரணம் இருந்தது. எஞ்சியவற்றுக்கு, “சும்மா வைச்சனான் ஐயா” என்றாள். ஆட்டம் சாய்ந்தது பெரும்பாலும் அந்தச் ‘சும்மா’வில். அதனை அவளே கண்டுகொண்டாள். யான் ஒன்றும் சொல்லவில்லை. விளையாட்டை விடுகின்ற பேச்சும் அதன் பின்னர் எழவில்லை.

ஆனால் அரைமணி நேரத் தொலைபேசி என்செய்யும்? நெடுநேர ஆட்டம் ஆடு என்று உபதேசிப்பது எளிது. தொலைபேசி அவளுடையதன்று, தந்தை அதனைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டியவர். விரைவாட்டக்காரர் எல்லாரும் விளையாட்டு வெறியால் விரைகின்றார்கள் என்று நினைப்பவர்கள் இந்த வீட்டை ஒரு முறை பார்க்கவேண்டும். இங்கே விரைவுக்குக் காரணம் வறுமை. இதற்கு அந்தத் தளங்களிலேயே ஒரு வழி உண்டு. நம்மவர் அதிகம் பயன்படுத்துவதில்லை. நாட்கணக்கு ஆட்டம் என்பது அது. ஒரு நகர்வுக்கு ஒரு நாளோ மூன்று நாளோ தவணை. முற்காலத்தில் தபாலட்டையில் நகர்வை எழுதி அனுப்பி, மாதக்கணக்காய் ஆடிய ஆட்டத்தின் மறுபிறப்பு. மாலையில் இரண்டு நிமிடம் தொலைபேசி கிடைத்தாற் போதும். எதிராளியின் நகர்வைத் தாளிற் குறித்துக்கொள்ளலாம். மறுநாள் முழுவதும் மரப்பலகையில் எண்ணலாம். விடையை மறுமாலை அனுப்பலாம். தொலைபேசி இல்லாத நேரம் யாவும் எண்ணும் நேரமாகும். அவள் இப்போது இரண்டு ஆட்டம் இப்படி ஆடுகின்றாள். மூன்று நிமிட ஆட்டமும் ஆடுகின்றாள். அதனை யான் தடுக்கவில்லை. கண்ணுக்கும் உணவு வேண்டும்.

இணையவெளிக்கு உரிய இரு இடர்களையும் சொல்லிவிடுகின்றேன். ஒன்று, களவு. மறைவிற் பொறியைக் கேட்டு ஆடுதல். 2021 யூனில், பெருந்தொற்று நிவாரணத்துக்குப் பொருள் சேர்ப்பதற்காக ஆனந்த் பிரமுகர் பலரோடு இணையவழி ஆடினார். அவர்களுள் வணிகச் செல்வர் ஒருவர் அவரை வென்றார்! பின்னர்க் கணினியின் துணை பெற்றதை அவரே ஒப்புக்கொண்டார். அறத்துக்காக நடந்த ஆட்டத்திலும் இது நிகழ்ந்ததாயின், தனியறையில் இருக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. எதிராளி களவு செய்தான் என்று ஒவ்வொரு தோல்விக்கும் சொல்லிப் பழகுவதும் இதற்கு இளைத்த நோய் அன்று.

மற்றொன்று, இணைப்பு. மின்சாரமும் அலைவரிசையும் போய் வரும் நம்மூரிலே பிள்ளைகள் வென்ற ஆட்டத்தையும் இழந்து அழுவார்கள். அவர்களுக்கு ஆறுதலாக ஒன்று. 2020 ஓகஸ்ட் 30 இல் இணையவழி ஒலிம்பியாட் இறுதிச் சுற்று, இந்தியாவும் இரசியாவும். இணைய இடையூற்றால் இந்திய ஆட்டக்காரர் இருவருக்கு இணைப்பு அற்று நேரம் கடந்துவிட்டது. முறையிட்டபின் இரு நாட்டுக்கும் தங்கம் என்று சம்மேளனம் தீர்த்தது. நம் பிள்ளைகளுக்கு முறையிடச் சம்மேளனம் இல்லை. அடுத்த ஆட்டம் இருக்கின்றது.

பாடசாலைகள் செய்யத்தக்கது பெரிதன்று. சில மரப்பலகைகள், ஓரிரு போட்டி மணிக்கூடு, நகர்வு எழுத ஒரு கொப்பி, கிழமைக்கு ஒரு பிற்பகல். அந்தப் பிற்பகலில் பேச்சின்றி ஒரே ஓர் ஆட்டம், ஒரு மணி நேரம். விடுமுறையிற் கடை ஆட்டப் பாடம். இவ்வளவும் செய்தபின், தொலைபேசியைக் கண்டிப்பதற்கு எவருக்கேனும் விருப்பமிருந்தால் கண்டிக்கட்டும்.

வவுனியாவிலே கற்பிக்கும் நண்பர் ஒருவரோடு பேசி, எங்கள் வகுப்புக்கும் அவர் வகுப்புக்குமாக ஒரு நாட்கணக்கு ஆட்டம் தொடங்கியிருக்கின்றோம். தனியாட்டத்திற் பிறர் துணை பெறுவது விதிக்கு மாறு. ஆதலால் இரு பக்கமும் வகுப்பாக ஆடுவதென்று முன்னரே உடன்பட்டோம். பொறியைக் கேட்பதில்லை என்பதும் உடன்பாடு. பலகை வகுப்பறை மேசையில் நிற்கின்றது. பதினேழாம் நகர்வு வந்திருக்கின்றது, குதிரையைப் பின்வாங்கியிருக்கின்றார்கள். பயந்து வாங்கினார்கள் என்கிறான் ஒருவன். இல்லை, கோட்டைக்கு வழிவிட்டார்கள் என்கிறாள் என் மாணவி. நாளை மாலைக்குள் விடை போகவேண்டும்.